நிரலுக்கு உரியவர் யார்?

மும்பை மாநகரில் தமிழர் மிகுதியாக வாழும் இடங்கள் எவை என்று கேட்டால், தாராவி, மாதுங்கா, செம்பூர் என்ற மூன்று பெயர்களை எவரும் தயங்காமல் சொல்லிவிடுவர். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று அதிக தூரத்தில் உள்ளவை அல்ல. ஆயினும் பிழைப்பு முறையால் அவை நெடுங்காலம் வேறுபட்டே இருந்தன. தாராவி கைத்தொழிலின் இருப்பிடம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் அங்கே தோல் பதனிட்டார்கள், விடியுமுன் இட்டலி அவித்து நகரெங்கும் சுமந்து சென்று விற்றார்கள். மாதுங்கா, பள்ளிகளும் கோயில்களும் உணவு விடுதிகளும் சூழ்ந்த நடுத்தர வகுப்பினரின் குடியிருப்பு. செம்பூரோ, அருகிலுள்ள டிராம்பேயின் அணு ஆராய்ச்சி நிலையத்துக்கும், உரத் தொழிற்சாலைக்கும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வேலைக்குப் போகும் உத்தியோகஸ்தர்களின் ஊர். இன்று இந்த வேற்றுமை பெரிதும் தேய்ந்துவிட்டது. மூன்று இடங்களிலிருந்தும் இளைஞரும் யுவதிகளும் காலையில் ரயிலேறி, அந்தேரிக்கும் பவாய்க்கும் ஐரோலிக்கும் கணிப்பொறி நிரல் எழுதும் வேலைக்குச் செல்கிறார்கள்.

மாலையில் வீடு திரும்பும் இப்பிள்ளைகளின் பேச்சில் ஒருவகை முறையீடு அடிக்கடி காதில் விழும். "அது என்னுடைய கோடு. என்னைக் கேட்காமல் அதில் கை வைத்துவிட்டார்கள்" என்று ஒருவர் குறைப்பட்டுக்கொள்வார். "அந்தப் பகுதி அவருடையது, அவர் ஊருக்குப் போயிருப்பதால் மூன்று நாளாக எங்கள் வேலை நிற்கிறது" என்று மற்றொருவர் சலித்துக்கொள்வார். கோடு என்று அவர்கள் சொல்வது நிரலின் மூலவாசகத்தை. தமிழில் கோடு என்பதற்கு எல்லை வரையும் கீறல் என்ற பொருளும் உண்டு. இவர்கள் பேச்சில் அந்தப் பொருளும் சேர்ந்தே ஒலிப்பதாக நமக்குத் தோன்றுவதுண்டு. எழுதிய நிரலின் பகுதி ஒருவருக்கு உரியது என்று கோடு கிழித்து வைப்பது நல்லதா, அல்லது எல்லோருக்கும் பொது என்று விட்டுவிடுவது நல்லதா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் விஷயம்.

முதலில், நிரல் என்பது எத்தகைய பொருள் என்பதைச் சற்றுத் தெளிவாக்கிக்கொள்வோம். வங்கியில் நாம் பணம் எடுக்கும்போதும், ரயிலுக்கு முன்பதிவு செய்யும்போதும், மாதச் சம்பளம் கணக்கில் வரவாகும்போதும் அவற்றின் பின்னே நிரல் இயங்குகிறது. பெரிய நிரல் தொகுதி லட்சக்கணக்கான வரிகள் கொண்டது. எந்த ஒருவரும் அதை முழுமையாக எழுதுவதில்லை. எந்த ஒருவரும் அதை முழுமையாகப் படித்திருப்பதும் அரிது. அது பல கோப்புகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கோப்பும் சிலர் கையில் வளர்கிறது. வட்டி கணக்கிடும் பகுதி ஒருவரிடம், ரசீது அச்சிடும் பகுதி மற்றொருவரிடம் என்று வேலை பங்கிடப்படுகிறது.

இப்பங்கீட்டை மூன்று விதமாக வைத்துக்கொள்ளலாம் என்று மார்ட்டின் ஃபௌலர் என்ற நூலாசிரியர் 2006-இல் வகைப்படுத்தினார். உரியவரைத் தவிர வேறு எவரும் அப்பகுதியை மாற்றவே கூடாது என்பது ஒன்று. உரியவர் என்று ஒருவர் உண்டு, பிறரும் மாற்றலாம், ஆனால் பெரிய மாற்றமானால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும் என்பது மற்றொன்று. உரியவர் என்று தனியே எவரும் இல்லை, முழு நிரலும் குழுவுக்கே சொந்தம், எவரும் எதையும் திருத்தலாம் என்பது மூன்றாவது.

இங்கே சொந்தம் என்ற சொல் சட்டத்தின் சொல் அன்று. நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. 1984-இல் செய்த திருத்தத்தால் கணிப்பொறி நிரலும் 'இலக்கியப் படைப்பு' என்ற வரையறைக்குள் வந்து சேர்ந்தது. கலைப் படிப்புப் படித்த நமக்கு இதில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்; சட்டத்தின் பார்வையில் சம்பளப் பட்டியல் போடும் நிரலும் காவியமும் ஒரே வகுப்பு மாணவர்கள். ஆனால் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வேலையின் பொருட்டு ஊழியர் படைத்தது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வேலை கொடுத்தவருக்கே உரியது என்கிறது. மத்திய சர்க்காரில் மொழிபெயர்ப்பு உத்தியோகம் பார்க்கும் நமக்கும் இதே நிலைதான். ஆங்கிலச் சுற்றறிக்கையை இந்தியில் பெயர்த்து இரவெல்லாம் செம்மைப்படுத்தினாலும், கையெழுத்தாகி வெளிவரும் வாசகம் சர்க்காருடையது. ஆகவே நிரலர் "என்னுடையது" என்று சொல்லும்போது அவர் சொத்துரிமை கோரவில்லை. இதை அறிந்தவன் நான், இது பழுதானால் பதில் சொல்லவேண்டியவன் நான், ஆகையால் என்னைக் கேட்டுச் செய்யுங்கள் என்கிறார். இவ்வாறு விரித்துப் பார்த்தால் அந்தக் கோரிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்த நியாயத்தைத் தாராவியின் தோல் பட்டறைகளில் கண்ணால் காணலாம். ஒரு கைப்பை உருவாவதற்குத் தோலை அளவுபடி வெட்டுபவர் ஒருவர், விளிம்பைச் சீவி மெலிதாக்குபவர் ஒருவர், பசை தடவி மடிப்பவர் ஒருவர், தைப்பவர் ஒருவர் என்று பலர் வேண்டும். வெட்டுபவர் கையிலுள்ள கத்தியைத் தைப்பவர் எடுப்பதில்லை. எந்தத் தோலில் எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எங்கே வடு மறைந்திருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். தேர்ச்சியில்லாத ஒருவர் இடையில் புகுந்தால் பை கெடும். பொருளின் நயத்துக்கு, அதை அறிந்த கை ஒன்று பொறுப்பேற்றிருப்பது காரணம் என்பதில் ஐயமில்லை.

நிரலிலும் அப்படியே என்று காட்டும் ஆராய்ச்சி ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் கிறிஸ்டியன் பேர்ட், நாச்சியப்பன் நாகப்பன் முதலியோர் 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'என் நிரலைத் தொடாதே' என்பது அதன் தலைப்பின் பொருள். விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் 7 ஆகிய இரு பெருந்தொகுதிகளையும் பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் யார் யார் எவ்வளவு மாற்றம் செய்தார்கள் என்று கணக்கிட்டார்கள். ஒரு பகுதியின் மாற்றங்களில் நூற்றுக்கு 5-க்கும் குறைவாகச் செய்தவர்களைச் சிறு பங்காளிகள் என்று பிரித்தார்கள். அத்தகைய சிறு பங்காளிகள் மிகுந்த பகுதிகளில் பழுதுகளும் மிகுந்திருந்தன. பெரும்பங்கு வேலையை ஒருவர் தாங்கியிருந்த பகுதிகளில் பழுது குறைந்திருந்தது. போகிற போக்கில் கை வைத்தவர்கள் பெருகினால் கேடும் பெருகுகிறது என்பது அதன் சாரம். ஆயினும், எவரும் பங்கு பெறக்கூடிய திறந்த மூல நிரல்களை வைத்து 2014-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் இத்தொடர்பு அவ்வளவு வலுவாகத் தென்படவில்லை. கம்பெனிக்குள் உண்மையானது வெளியிலும் அதே அளவுக்கு உண்மை என்று கொள்வதற்கில்லை.

ஆனால் தாராவிப் பையையும் நிரலையும் ஒப்பிடுவதில் ஓர் எல்லை உண்டு. பை தைத்து முடிந்தால் பட்டறையை விட்டுப் போய்விடுகிறது. கும்பர்வாடாவில் வனையும் பானை சூளையிலிருந்து வந்தபின் குயவர் கைக்குத் திரும்புவதில்லை. நிரலோ பட்டறையை விட்டுப் போவதே இல்லை. வரி விகிதம் மாறினால் அதைத் திருத்தவேண்டும்; புதிய படிவம் வந்தால் திருத்தவேண்டும்; யந்திரம் மாறினால் மறுபடியும் திருத்தவேண்டும். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு வாழும் நிரல்கள் உண்டு. எழுதியவர் அதற்குள் வேலை மாறுவார், ஓய்வு பெறுவார், சில சமயம் உலகையே விட்டுப் போவார். நிரலின் ஆயுள் எழுதியவரின் உத்தியோக காலத்தைவிட நீண்டது என்ற இந்த ஓர் உண்மையிலிருந்துதான் தனி உரிமையின் தொல்லைகள் எல்லாம் பிறக்கின்றன.

நமக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்வோம். அங்கே சுற்றறிக்கைகளையும் அவற்றின் மொழிபெயர்ப்புகளையும் தேதிவாரியாகச் சேர்த்து வைக்க, ஆர்வமுள்ள அதிகாரி ஒருவர் தாமே ஒரு சிறு நிரல் எழுதினார். எவரும் கேட்காமலே, தம் ஓய்வு நேரத்தில் எழுதினார். பழைய சுற்றறிக்கையின் வாசகம் வேண்டுமென்றால் ஒரு நொடியில் கிடைத்தது. அனைவரும் அவரைக் கொண்டாடினோம். சிறு குறை ஏற்பட்டால் அவரே வந்து சரிசெய்வார். வேறு எவரையும் அருகே விடமாட்டார், விடவேண்டிய அவசியமும் அப்போது தோன்றவில்லை. ஆறேழு ஆண்டுகள் கழித்து அவருக்கு வேற்றூருக்கு மாற்றல் வந்தது. அடுத்த ஆண்டு அலுவலகத்தின் கணிப்பொறிகள் புதியவை ஆயின. பழைய நிரல் புதிய யந்திரத்தில் எழவில்லை. அவர் பயன்படுத்தியிருந்த இந்தி எழுத்துரு பொதுத் தரத்தில் இல்லாத ஒன்று. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்ற விவரம் அவருடைய நினைவில் மட்டுமே இருந்தது. தொலைபேசியில் பொறுமையோடு சொல்லிக்கொடுத்தார், பாவம். என்றாலும் பல நூறு பக்கங்களைத் திரும்பத் தட்டச்சு செய்யவேண்டியதாயிற்று. அவர் செய்தது நற்பணிதான். அதை ஒருவர் தோளில் மட்டும் ஏற்றிவைத்த ஏற்பாடு அலுவலகத்தினுடையது.

இந்த எழுத்துருத் தொல்லை தமிழுலகம் முழுவதும் அனுபவித்தது. 1980-களிலும் 1990-களிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் மலேசியாவிலும் தமிழன்பர்கள் தனித்தனியே தமிழ் எழுதும் மென்பொருள்களை உருவாக்கினார்கள். அவர்கள் முயற்சி இல்லையேல் கணிப்பொறியில் தமிழ் ஏறியே இராது. ஆனால் 'க' என்ற எழுத்துக்கு ஒருவர் ஓர் எண்ணையும் மற்றொருவர் வேறோர் எண்ணையும் வைத்தார்கள். ஒருவர் மென்பொருளில் எழுதிய கடிதம் மற்றொருவர் யந்திரத்தில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொதுத் தரம் வகுக்க முற்பட்டது. பின்னர் ஒருங்குறி பரவியது. 2010-இல் தமிழ்நாட்டு அரசும் அதைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் எழுதப்பட்டவற்றில் எவ்வளவு இன்றும் பழைய தட்டுகளில் படிக்க இயலாமல் கிடக்கிறதோ!

இவ்விஷயத்தில் மும்பைக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. பிறர் எழுதிய நிரலை எழுதியவர் உதவியின்றிப் படித்தறிவது இந்நகரத்தின் மென்பொருள் தொழிலுக்குப் பிறவிக் கல்வி. டாடா கன்சல்டன்ஸி சர்வீஸஸ் 1968-இல் அந்நாளைய பம்பாயில் தொடங்கப்பட்டது. 1974-இல் அது அமெரிக்காவின் பரோஸ் கம்பெனிக்காக ஒரு வேலையை மேற்கொண்டது. மருத்துவமனைக் கணக்குகளுக்கான நிரல் தொகுதி ஒன்று, கோபால் என்ற நிரல்மொழியில், பரோஸின் ஒருவகை யந்திரத்துக்கு எழுதப்பட்டிருந்தது. அதை அதே கம்பெனியின் வேறுவகை யந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரவேண்டும். இங்கே கையில் இருந்ததோ ஐ.சி.எல். 1903 என்னும் மூன்றாவது யந்திரம். எழுதியவர்கள் கடலுக்கு அப்பால். இந்திய மென்பொருள் ஏற்றுமதியின் தொடக்க முயற்சிகளில் ஒன்று புதிதாக ஒன்றை எழுதுவதில் இல்லை, பிறர் எழுதியதைப் புரிந்துகொண்டு மாற்றுவதில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. மொழிபெயர்ப்பாளர்களாகிய நமக்கு அவர்கள் உறவினர் போலவே தோன்றுகிறார்கள்.

கால் நூற்றாண்டு கழித்து அதே வித்தை பேரளவில் தேவைப்பட்டது. பழைய நிரல்களில் ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்களே வைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்தால் யந்திரம் அதை 1900 என்று கருதிவிடும் என்ற அச்சம் உலகெங்கும் எழுந்தது. அந்நிரல்களை 1960-களிலும் 1970-களிலும் எழுதியவர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். குறிப்புகள் இல்லை, சில இடங்களில் மூலவாசகமே காணாமற்போய், யந்திரம் இயக்கும் வடிவம் மட்டும் மிஞ்சியிருந்தது. மும்பையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கான இளைஞர் இரவும் பகலும் உட்கார்ந்து, முகமறியாத ஒருவர் முப்பது ஆண்டுக்கு முன் என்ன நினைத்து இந்த வரியை எழுதினார் என்று ஊகித்தார்கள். செம்பூரிலும் மாதுங்காவிலும் சில குடும்பங்கள் வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறியது அந்த ஊகத்தின் பயனே. தனி உரிமையின் கேட்டைத் தீர்ப்பதே நமக்குப் பிழைப்பாயிற்று என்று சொன்னாலும் தவறில்லை.

உரியவராக இருப்பவருக்கும் இதில் இழப்பு உண்டு. தம்மைத் தவிர எவருக்கும் தெரியாது என்பதை வேலைக்கு ஒரு காப்பாக நினைப்பவர் பலர். தொழிலாளிக்கு வேறு காப்பு இல்லாத இடத்தில் இதைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் அந்தக் காப்பே விலங்காகிறது. மகள் திருமணத்துக்கு ஊருக்குப் போனாலும் தொலைபேசி ஓயாது. புதிய வேலைக்கு மாற்றுங்கள் என்று கேட்டால், உங்களை விட்டால் ஆளில்லையே என்று மேலாளர் கையை விரிப்பார். இத்தொழிலில் 'பஸ் எண்' என்று குரூரமான ஒரு கணக்கு வழங்குகிறது; எத்தனை பேர் மீது பஸ் ஏறினால் வேலை நின்றுபோகும் என்பதே அது. பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் மீது பஸ் ஏறிவிட்டால் மொழி என்ன ஆகும் என்று 1994-லேயே ஒருவர் வெளிப்படையாகக் கேட்டார். நல்லவேளையாக அவர் நலமாக இருந்து, 2018-இல் தாமாகவே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். பிறகு அதைக் குழு ஒன்று ஏற்றது. தலைவரின் மறைவைப் பற்றித் தொண்டர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்வது நம் நாட்டுப் பொதுவாழ்வில் எண்ணிப் பார்க்கவும் முடியாத அநாகரிகம். இத்தொழிலில் அது தினசரி வழக்கம்.

அப்படியானால் எல்லாவற்றையும் பொதுவாக்கிவிட்டால் என்ன? இதற்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஜெரால்டு வைன்பர்க் என்பவர் 1971-இல் எழுதிய நூலில், நிரலைத் தம் பிள்ளைபோல் கருதி அதன் குறையைப் பிறர் காட்டும்போது மனம் நோவது பெருங்கேடு என்றும், 'நான்' என்பதை விட்டு நிரல் எழுதவேண்டும் என்றும் வற்புறுத்தினார். வேதாந்தம் படித்தவர் காதுக்கு இது புதிய உபதேசம் அன்று. 1990-களின் பிற்பகுதியில் கென்ட் பெக் என்பவர், கிறைஸ்லர் மோட்டார் கம்பெனியின் சம்பளக் கணக்கு நிரலை எழுதும் குழுவில் இதை நடைமுறையாக்கினார். இருவர் ஒரே யந்திரத்தின் முன் அமர்ந்து எழுதுவர்; எவரும் எப்பகுதியையும் திருத்தலாம். ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பகுதிக்கும் தானே இயங்கும் சோதனைகள் முன்பே எழுதப்பட்டிருக்கவேண்டும். திருத்தியவர் எதையாவது உடைத்துவிட்டால் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். இந்த நிபந்தனையை மறந்துவிட்டுப் பொதுவுடைமையை மட்டும் பின்பற்றுகிறவர்களே அதிகம். சாலில் குடியிருந்தவர்களுக்கு இதன் முடிவு தெரியும். ஒவ்வொரு வீட்டு வாசலும் கழுவிக் கோலமிட்டு இருக்கும். மாடிப்படியின் விளக்கு மாதக்கணக்கில் எரியாது. அது எல்லோருடைய விளக்கு.

பொது என்று பெயர் பெற்ற நிரல்கள் சில சமயம் உண்மையில் ஒரே ஒருவர் தோளில் நிற்பதும் உண்டு. இணையத்தில் ரகசியம் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில், 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் ஓட்டை வெளிப்பட்டது. உலகின் பெருங்கம்பெனிகள் எல்லாம் பயன்படுத்திய அந்நிரலுக்கு முழுநேரமாக உழைத்தவர் அக்காலத்தில் ஒருவரே. அதைவிட உள்ளத்தை உறுத்தும் நிகழ்ச்சி 2024-இல் நடந்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு நிரல். லினக்ஸ் கணிப்பொறிகளில் எங்கும் உள்ளது. அதை ஃபின்லாந்து நாட்டவர் ஒருவர் ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்தார். களைத்துப்போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் உதவிக்கு வந்தார். நல்ல திருத்தங்கள் அனுப்பினார். வேறு சில பெயர்களில் கடிதங்கள் வந்தன. வேலை தாமதமாகிறது, பொறுப்பை மற்றவருக்குப் பிரித்துக் கொடுங்கள் என்று நெருக்கின. காலப்போக்கில் வந்தவருக்கும் பொறுப்பு கிடைத்தது. 2024 பிப்ரவரியில் வெளியான பதிப்பில், பிறர் கணிப்பொறிக்குள் திருட்டு வழியில் நுழைவதற்கான கள்ளக்கதவு ஒன்றை அவர் மறைத்து வைத்தார். மார்ச் இறுதியில் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து யந்திரத்துக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி அதிகமாவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிப்போய் இதைக் கண்டுபிடித்தார். அரை விநாடியை அலட்சியம் செய்திருந்தால் விளைவு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பராமரிப்பாளரைப் பழிப்பது அநியாயம். உலகமே நடந்துசெல்லும் பாலத்தை ஒரு மனிதர் தனியே தாங்கி நின்றார்; அவர் கை சோர்ந்தபோது, உதவிக்கு வந்தவர் யார் என்று பார்க்க உடனிருந்த எவரும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் வேண்டும், ஆனால் பூட்டு வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். பெயர் இருந்தால் கேள்வி கேட்க இடம் உண்டு. பூட்டு இருந்தால் அந்தப் பெயருக்குரியவர் இல்லாத நாளில் வீடே பயனற்றுப் போகிறது. லினக்ஸ் நிரலோடு பராமரிப்பாளர் பட்டியல் என்ற ஒரு கோப்பும் சேர்ந்தே வருகிறது. எந்தப் பகுதிக்கு யாரிடம் திருத்தத்தை அனுப்புவது என்று அதில் எழுதியிருக்கும். திருத்தத்தை எவரும் எழுதி அனுப்பலாம். பார்த்து ஏற்பவர் பெயர் குறித்தவர். 2004 முதல், அனுப்புகிற ஒவ்வொருவரும் இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று தம் பெயரால் ஒப்பமிடும் வழக்கமும் அங்கே ஏற்பட்டது. கிட்ஹப் என்ற பொதுக் களஞ்சியம் 2017-இல் இத்தகைய உரியவர் பட்டியலுக்கு வசதி செய்தது. குறித்த கோப்பில் எவர் திருத்தம் முன்மொழிந்தாலும், பட்டியலில் உள்ளவருக்குத் தானே தகவல் போய்விடும். ஒரு கோப்புக்கு எத்தனை பெயர்களும் இருக்கலாம். இரண்டு பெயராவது இருக்கவேண்டும் என்பதையே நாம் வற்புறுத்துவோம். இரண்டாம் பெயருக்குரியவர் ஆண்டில் சில வாரமாவது அப்பகுதியில் உண்மையாக வேலை செய்திருக்கவேண்டும். பட்டியலுக்காகப் பெயர் கொடுத்தவர் பயன்படமாட்டார்.

நமது ஆட்சிமொழித் துறை புனேயின் சி-டாக் நிலையத்தைக் கொண்டு உருவாக்கிய 'கண்டஸ்த்' என்ற மொழிபெயர்ப்பு நினைவகமும் கிட்டத்தட்ட இவ்வழியே செல்கிறது. மொழிபெயர்ப்பாளர் பெயர்த்த வாக்கியம் முதலில் அவருடைய நினைவகத்தில் தங்குகிறது. சரிபார்க்கப்பட்டபின் பொது நினைவகத்துக்குப் போய் எல்லோருக்கும் உதவுகிறது. இடையில் இருக்கும் அந்தச் சரிபார்ப்பில்தான் ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். இன்று நிரலர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் கிட் என்ற கருவி, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கியது. எந்த வரியைக் கடைசியாக மாற்றியவர் யார் என்று அதனிடம் கேட்கலாம். அதற்கு வைத்த கட்டளையின் பெயர் 'பிளேம்', அதாவது பழி. ஒருவர் பெயரைத் தேடுவது அவரைக் குற்றஞ்சாட்டவே என்ற மனப்பான்மை இருக்கும்வரை, கெட்டிக்காரர்கள் பட்டியலில் பெயர் கொடுக்கத் தயங்குவார்கள். இப்போது யந்திரமே நிரல் எழுதித் தரும் காலமும் வந்துவிட்டது. பழி தேடும் கட்டளையில் அந்த வரிக்கு நேரே ஒரு மனிதர் பெயர்தான் வருகிறது. அவரோ அதை எழுதவில்லை, சில சமயம் படித்துப் பார்க்கவும் இல்லை. யந்திரம் எழுதியதைத் தம் பெயரால் சேர்ப்பவர், கேட்டால் விளக்கக்கூடிய அளவுக்காவது அதைப் படித்திருக்கவேண்டும் என்று குழுக்கள் விதி வைப்பது அவசியமாகிவிட்டது.

நம் பிள்ளைகள் வேலை மாறும்போது பல கம்பெனிகளில் 90 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறார்கள். அந்நாட்களில் 'கே.டி.' என்ற ஒரு சடங்கு நடக்கிறது. போகிறவர் தமக்குத் தெரிந்ததை வருகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பதே அது. முதல் இரண்டு மாதம் போகிறவர் மீதி வேலையை முடிப்பதில் கழிகிறது. கடைசி இரண்டு வாரத்தில், மூடிய அறையில், ஆறு ஆண்டு அனுபவத்தை நாளுக்கு ஒரு மணி வீதம் ஒப்பிக்கிறார். வருகிறவர் குறிப்பெடுக்கிறார். எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்பது நிரலைப் படித்தாலே தெரியும். அதைக் கேட்டு நேரத்தைக் கழிக்கவேண்டியதில்லை. இந்த இடத்தில் இப்படி ஒரு விதிவிலக்கு ஏன் வைத்தீர்கள், எந்த வாடிக்கையாளர் எப்போது முறையிட்டதால் வைத்தீர்கள், முதலில் எதைச் செய்து பார்த்துத் தோற்றீர்கள் என்பவை நிரலில் எங்கும் எழுதியிருக்கமாட்டா. போகிறவர் லிஃப்டில் ஏறிக் கீழே போனபின் இவற்றைக் கேட்க ஆள் இராது.